எஞ்சினில் பிழையில்லை, தண்ணீரில்தான் பிழை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முப்பத்தேழு வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். யாழ்ப்பாணத்தில் சண்டிலிப்பாயில் இருக்கிறேன். எங்கள் வளவில் நிற்பது 1993 ஆம் ஆண்டு டொயோட்டா கொரோல்லா, 1300 சிசி. 2009 இல் தெற்குக்குப் போகிற ஏ9 பாதை திரும்பவும் திறந்து அடுத்த வருடம் என் கணவர் கொழும்பில் வாங்கி, தானே ஓட்டிக்கொண்டு வந்தார். அவர் 2019 இல் காலமாகிவிட்டார். அன்றிலிருந்து நான்தான் ஓட்டுகிறேன். இந்தக் காரைத் திருத்துவதா, விற்றுவிட்டு வேறொன்று வாங்குவதா என்று இந்த வருடம் இரண்டு மாதம் யோசித்தேன். அந்த இரண்டு மாதத்தில் நான் அறிந்துகொண்டது வேறு சிலருக்கும் உதவும் என்று நினைப்பதால் எழுதுகிறேன். கராஜ் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

மாசி மாதம் ஒரு நாள் போதனா வைத்தியசாலையில் பிறஷர் கிளினிக் முடித்துத் திரும்பி வந்துகொண்டிருந்தேன். ஆனைக்கோட்டையில் வெப்பம் காட்டும் முள் சிவப்புக் கோட்டுக்கு ஏறிவிட்டது. ஓரமாக நிற்பாட்டினேன். பொனற்றின் இரண்டு பக்கத்தாலும் ஆவி வந்தது. முன்கடைத் தம்பி ஒரு வாளி தண்ணீரோடு ஓடி வந்து றேடியேற்றர் மூடியைத் திறக்கப் போனான். கையைப் பிடித்துத் தடுத்துவிட்டேன். சூட்டோடு அந்த மூடியைத் திறந்தால் கொதிதண்ணீர் முகத்துக்கு அடிக்கும். முக்கால் மணித்தியாலம் ஆறவிட்டு, தண்ணீர் விட்டு, ஊர்ந்து ஊர்ந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

வழமையாகக் கொடுக்கிற கராஜில் விட்டேன். அடுத்த நாள் சொன்னார்கள்: "எஞ்சின் முடிஞ்சுது ரீச்சர். கொழும்பிலையிருந்து றீகண்டிஷன் எஞ்சின் ஒண்டு எடுத்துப் போட நாலரை இலட்சம் முடியும். பேசாமல் வித்துப்போட்டு வேறை ஒண்டு பாருங்கோ." வாங்குகிற ஆளையும் அவர்களே தயாராக வைத்திருந்தார்கள்.

இரவு மகள் கனடாவிலிருந்து எடுத்தாள். "அம்மா, இனியும் அந்தக் காரோடை மினக்கெடாதேங்கோ. நான் காசு அனுப்புறன், சின்னதாய் ஒண்டு வாங்குங்கோ" என்றாள். பிள்ளையின் அக்கறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் சின்னக் காரின் விலையை விசாரித்தபோது திகைத்துப்போனேன். 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் பாவனைக்கான கார்களைத் திரும்பக் கொண்டுவர விட்டது 2025 பெப்ரவரியில்தான். இடையில் கிட்டத்தட்ட ஐந்து வருடம். அதற்குள் ரூபாவும் விழுந்துவிட்டது. கப்பலில் வருகிற காருக்குச் சுங்க வரி, உற்பத்தி வரி, 18 வீத பெறுமதி சேர் வரி என்று ஏறிக்கொண்டே போகிறது. பத்து வருடம் ஓடிய ஆல்டோ ஒன்றுக்கு என்னிடம் கேட்டது 35 இலட்சம். என் மகள் குளிரில் இரண்டு வேலை செய்து சேர்க்கிற காசு அது. கராஜ்காரர் ஒருவர் போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தைக்காக அதைக் கொட்ட எனக்கு மனம் வரவில்லை.

எனக்குப் பழைய காரில் பாசம், அதனால்தான் விடமாட்டேன் என்கிறேன் என்று தம்பி சொன்னான். பாசம் இருப்பது உண்மை. அதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

எங்கள் ஐயா வாடகைக் கார் ஓடியவர். 1950களில் இறங்கிய ஒஸ்ரின் ஏ40. 1990 இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் நின்றபோது யாழ்ப்பாணத்துக் கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. இன்றைய பிள்ளைகளுக்கு இது கதை போல இருக்கும். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் ஐயா ஒரு சின்ன மருந்துப் போத்தலில் பெற்றோல் வைத்திருப்பார். காலையில் பொனற்றைத் திறந்து, காபரேற்றருக்குள் நாலைந்து சொட்டு விடுவார். ஸ்ராட் எடுத்து எஞ்சின் சூடேறும் வரை அந்தச் சொட்டுகளில்தான் உயிர். பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறும். பின்னால் வெள்ளைப் புகை படலை வரை நிற்கும், அம்மா உடுப்புக் கொடியில் இருந்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு உள்ளே ஓடுவா. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து எஞ்சின் ஒயிலில் இறங்கிவிடும். ஒயில் தண்ணீர் போலாகிவிடும். அதனால் ஐயா தினமும் ஒயில் கோலை இழுத்து, விரலால் தொட்டு, மணந்து பார்ப்பார். அமுக்கம் குறைந்த பழைய இங்கிலாந்து எஞ்சின் என்பதால் அது தாங்கியது. ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்ததும் அதே மண்ணெண்ணெயில்தான். வீட்டில் ஒரு போத்தல் இருந்தால் அதில் காருக்கு எவ்வளவு, விளக்குக்கு எவ்வளவு என்று ஐயா அளந்து வைப்பார்.

1995 ஒக்டோபர் 30 இரவு போருக்குப் பயந்து எங்கள் வலிகாமப் பகுதியே எழும்பி நடந்தபோது எங்கள் வீட்டுச் சனம் ஒன்பது பேர் அந்தக் காரில். நாவற்குழிப் பாலத்தடியில் கார் நடையைவிட மெதுவாகத்தான் நகர்ந்தது. எஞ்சின் ஆறிப்போனால் மண்ணெண்ணெயில் திரும்ப ஸ்ராட் வராது, போத்தலில் பெற்றோலும் இல்லை. விடியும் வரை ஐயா அதை ஒரு தடவைகூட நிற்பாட்டவில்லை. அக்சிலேற்றரில் வைத்த காலை எடுக்காமலே இருந்தார். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. "அம்மப்பா, கார் ஏன் அழுகுது?" என்று கேட்டாள். மழையில் வைப்பர் கிறீச்சிட்ட சத்தம் அது.

ஐயா 2001 இல் போய்விட்டார். 2002 இல் போர்நிறுத்தத்தோடு பாதை திறந்ததும் பழைய கார்களைத் தேடித் தெற்கிலிருந்து ஆட்கள் வந்தார்கள். 2003 இல் தம்பியும் நானும் அதை விற்றோம். கையில் காசைப் பார்த்ததும் சரியென்று கொடுத்துவிட்டோம். கவலை இன்னும் இருக்கிறது. ஆனாலும் அன்று ஒரு காரை விற்றது பிழை என்பதற்காக இன்றைய காரை வைத்திருக்க வேண்டும் என்று ஆகாது. இரண்டும் வேறு வேறு கணக்கு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஐயா காலத்தில் அந்த ஏ40ஐத் திருத்திய பெடியன் ஒருவர் மானிப்பாய்ப் பக்கம் இன்னும் வேலை செய்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். அந்தப் பெடியனுக்கு இப்போது எழுபது வயது. தகரக் கொட்டில்தான் கராஜ். அவர் முதலில் எஞ்சினைத் தொடவேயில்லை. றேடியேற்றரைக் கழற்றி, மேல்தட்டைத் திறந்து காட்டினார். எங்கள் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்குமே, அதே படிவு. குழாய்களில் பாதிக்கு மேல் அடைத்துக் கல்லாக இறுகியிருந்தது. சுரண்டியபோது முட்டைக்கோது போல உதிர்ந்தது. "இஞ்சை பாருங்கோ ரீச்சர், எஞ்சினிலை பிழையில்லை, தண்ணியிலைதான் பிழை" என்றார்.

யாழ்ப்பாணம் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் முழுக்க அந்தக் கல்லுக்குள் ஊறி வருவது. குடிக்கிறோம், தோட்டத்துக்கு இறைக்கிறோம், நல்லதுதான். அதையே வருடக்கணக்கில் றேடியேற்றருக்கும் விட்டால் ஒவ்வொரு தடவையும் சூடேறும்போது சுண்ணாம்பு பிரிந்து குழாயில் படியும். குழாய் அடைத்தால் தண்ணீர் ஓடாது, எஞ்சின் கொதிக்கும், கடைசியில் ஹெட் காஸ்கற், அதாவது எஞ்சினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவில் இருக்கிற அடைப்புத் தகடு, போகும். இதை இவ்வளவு நாளும் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் கிணற்றைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு நானே வாளி வாளியாக விட்டிருக்கிறேன். காருக்குக் கூலன்ற் என்கிற குளிர்த்தும் திரவம் விட வேண்டும். அல்லது அந்தக் கூலன்றைப் பற்றரிக்கு விடுகிற வடித்த தண்ணீரோடு கலந்து விட வேண்டும். ஒன்றும் கிடைக்காத இடத்தில் மழைத் தண்ணீர் கிணற்றுத் தண்ணீரைவிட எவ்வளவோ மேல். இதை வாசிக்கிறவர்கள் இன்றைக்கே தங்கள் றேடியேற்றர் மூடியை, எஞ்சின் ஆறியிருக்கும்போது, திறந்து உள்ளே விரலை விட்டுப் பாருங்கள்.

பிறகு எஞ்சினுக்கு வந்தார். பிளக் நாலையும் கழற்றி அமுக்கம் அளந்தார். முதலாவதிலும் நாலாவதிலும் சதுர அங்குலத்துக்கு 165 இறாத்தல். நடுவில் இருந்த இரண்டிலும் 95 தான். அந்த இரண்டுக்குள்ளும் ஒவ்வொரு கரண்டி ஒயில் விட்டுத் திரும்ப அளந்தார். அதே 95. எனக்குக் கணிதம் தெரியும், எஞ்சின் தெரியாது. அவர் விளங்கப்படுத்தினார்: வளையம் தேய்ந்திருந்தால் ஒயில் விட்டதும் இடைவெளி அடைபட்டு அமுக்கம் ஏறும். ஏறவில்லை என்றால் கசிவு மேலே. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் ஒரே அளவுக்குக் குறைந்திருந்தால் அநேகமாக இரண்டுக்கும் நடுவில் காஸ்கற் வெடித்திருக்கிறது. ஹெட்டைக் கழற்றியபோது அந்த இடத்தில் கரிக்கோடு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. வகுப்பில் ஒரு நிறுவலை முடித்துக் கீழே கோடு இழுத்தது போல எனக்கு இருந்தது. நாலரை இலட்ச எஞ்சின் தேவைப்படவேயில்லை.

இன்னொன்றையும் அவர் காட்டினார். போன வருடம் முந்திய கராஜில் புது வோட்டர் பம்ப் போட்டதாக என்னிடம் 28,000 ரூபா வாங்கியிருந்தார்கள். காரில் இருந்தது பழைய பம்ப். கழுவி, மேலே வெள்ளிப் பெயின்ற் அடித்திருந்தார்கள். பெயின்றுக்குக் கீழே கறள். அந்த 28,000 என் ஓய்வூதியத்தில் கொடுத்தது. நான் போய்க் கேட்டேன், மழுப்பினார்கள். பெயரை எழுதி ஒருவரின் பிழைப்பைக் கெடுக்க நான் வரவில்லை. ஆனால் எனக்கு நடந்தது இன்னொரு வயதுபோன மனுசிக்கு நடக்கக் கூடாது.

எல்லாம் முடிய, காரை உயர்த்திவிட்டு ஒரு ஸ்குறூ டிறைவரோடு கீழே படுத்தார். கதவுக்குக் கீழே ஓடும் தகடு, ஜாக் வைக்கிற இடம், பின்சில்லுக்கு உள்பக்கம் எல்லாம் ஒவ்வொரு சாணாகக் குத்திக்கொண்டு போனார். இடப்பக்கப் பின்சில்லுக்கு மேலே ஒரு இடத்தில் மட்டும் முனை உள்ளே போனது. மற்ற இடமெல்லாம் 'டிங்' என்று சத்தம். "எஞ்சினை எப்பவும் போடலாம். தளம் உக்கினால் காரில்லை" என்றார். நாங்கள் எல்லோரும் எஞ்சினைக் கேட்டுத்தான் காரின் ஆயுளைக் கணிக்கிறோம். தீர்மானிப்பது அடித்தகடு.

இப்போது என் கொப்பிக் கணக்கு. ஹெட்டை லேத்தில் கொடுத்து மட்டப்படுத்தி, காஸ்கற் போட்டுப் பூட்ட 92,000. புது றேடியேற்றர் 38,000. வோட்டர் பம்ப், ரைமிங் பெல்ற், ஹோஸ்கள் 41,000. பிறேக் வேலை 34,500. வெல்டிங்கும் பெயின்றும் 55,000. மொத்தம் 260,500 ரூபா.

இதைக் காரின் சந்தை விலையோடு ஒப்பிட்டு, இவ்வளவு பழசுக்கு இவ்வளவு காசா என்று கேட்பவர்கள் பலர். அந்த ஒப்பீடு பிழை. நான் காரை விற்கப் போவதில்லை, ஓடப்போகிறேன். ஒப்பிட வேண்டியது வேறு காருக்கு ஆகப்போகிற செலவோடு. 35 இலட்சத்தை எட்டு வீத வட்டிக்கு நிலையான வைப்பில் போட்டால் வருடத்துக்கு 280,000 ரூபா வரும். கார் வாங்கினால் அந்த வட்டி போய்விடும். அதாவது இந்த முழுத் திருத்தத்துக்கும் ஆகிற காசைவிடக் கூட, ஒவ்வொரு வருடமும். கடந்த ஐந்து வருடத்தில் பெற்றோல் தவிர்த்து இந்தக் காருக்கு நான் செலவழித்தது 412,000. வருடத்துக்கு 82,400.

பெற்றோலையும் பார்த்தேன். என் கார் லீற்றருக்குப் பதினொரு கிலோமீற்றர் ஓடும். சின்னப் புதுக் கார் பதினெட்டு ஓடும் என்று வைத்துக்கொள்வோம். நான் வருடத்துக்கு ஓடுவது 4,000 கிலோமீற்றர். கோயில், கிளினிக், சந்தை, தம்பி வீடு, அவ்வளவுதான். மிச்சம் பிடிப்பது 141.4 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்றால் 42,420 ரூபா. அந்த வட்டிக்கு முன்னால் இது ஒன்றுமில்லை.

ஆனால் வருடத்துக்கு 20,000 கிலோமீற்றர் ஓடுகிற வாடகைச் சாரதிக்கு இதே கணக்கு வேறு விடை தரும். அவருக்கு மிச்சம் 212,100 ரூபா. கார் கராஜில் நிற்கிற ஒவ்வொரு நாளும் அவருக்கு உழைப்பு இல்லை. அவர் மாற்றத்தான் வேண்டும். என் விடையைப் பார்த்து அவர் எழுதக் கூடாது. 2022 இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டைக்கு வாரத்துக்கு இருபது லீற்றர் என்றபோதும் எனக்கு மிஞ்சியது, எங்கள் ஒழுங்கையில் வாடகைக்கு ஓடுகிற தம்பி மூன்றாம் நாளே சைக்கிளை எடுத்தார்.

திருத்தவே கூடாத காரும் உண்டு. என் தம்பி காரைநகரில் கடற்கரையோடு இருக்கிறான். அவனுடைய பழைய காருக்கு மூன்று வருடத்துக்கு முன் ஐந்து இலட்சம் செலவழித்தான். எஞ்சின், சீற் உறை, பெயின்ற் எல்லாம் புதுசு. பார்க்க மணப்பெண் போல இருந்தது. உப்புக் காற்றில் கீழ்த்தகடு உக்கியதை ஒருவரும் பார்க்கவில்லை. ஓட்டைகளுக்கு மேல் பசையை அப்பி மட்டமாகத் தேய்த்துப் பெயின்ற் அடித்துவிட்டார்கள். ஒரு நாள் பொன்னாலைப் பாலத்தால் வரும்போது பின்சில்லுப் பக்கம் இறங்கிவிட்டது. பிள்ளைகள் பின்சீற்றில். கடவுள் காப்பாற்றினார். பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் பையில் ஒரு காந்தத் துண்டைக் கொண்டுபோங்கள். தகடு இருக்கிற இடத்தில் ஒட்டும். பசை அப்பிய இடத்தில் வழுக்கி விழும்.

மகள் சொன்னதில் ஒன்றுக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. இந்தக் காரில் காற்றுப்பை இல்லை, பிறேக் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் இல்லை. அதைத் திருத்தத்தால் கொண்டுவர முடியாது. அதனால் நான் ஒரு வரம்பு வைத்துக்கொண்டேன். இருட்டிய பிறகு எடுப்பதில்லை. ஏ9 இல் ஏறுவதில்லை. கொழும்புக்குப் போவதென்றால் காரில் போவதில்லை. பேரப்பிள்ளைகள் வந்து நிற்கும்போது வான் பிடித்துத்தான் போவோம். நாளைக்கு என் வீட்டில் சின்னப் பிள்ளை ஒன்று நிரந்தரமாக இருக்குமென்றால் 35 இலட்சம் என்றாலும் மாற்றச் சொல்வேன்.

ஊர் என்ன சொல்லும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வெளிநாட்டில் பிள்ளை இருக்க இந்தத் தகரத்தில் போகிறாவே என்று கதைக்கிறார்கள். அந்தக் கதைக்குப் பயந்து, பிள்ளைகளின் காசில் தேவையில்லாமல் கார் மாற்றிய மூன்று குடும்பங்களை என் ஒழுங்கையிலேயே காட்டுவேன். அதில் ஒருவர் நல்ல அடித்தளம் உள்ள காரைப் பழைய இரும்புக்கு நிறுத்துக் கொடுத்தார்.

கராஜ் நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். வேலை தொடங்கமுன் என்ன பிழை, என்ன பாகம், எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதித் தாருங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கடதாசியில் சுற்றிக் கையில் தாருங்கள், நாங்கள் எறிந்தாலும் பரவாயில்லை. எஞ்சின் முடிந்துவிட்டது என்று சொல்லமுன் அமுக்கம் அளந்து அந்த நாலு எண்ணையும் எழுதுங்கள். நேர்மையாகச் செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு இதால் நட்டமில்லை. தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் வேலை படிக்கிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: மானிப்பாய் அண்ணைக்குக் கை உதவிக்கு ஒருவரும் இல்லை. ஸ்கானரைப் பூட்டிப் பார்க்கத் தெரிந்த பெடியள் எங்கும் இருக்கிறார்கள். ஸ்குறூ டிறைவரால் தகட்டைத் தட்டி, சத்தத்தைக் கேட்டு இது தாங்கும், இது தாங்காது என்று சொல்லத் தெரிந்தவர்கள் அருகிக்கொண்டு வருகிறார்கள். நாலு மாதம் போய் நில்லுங்கள். அவர் மனம் நிறைந்து சொல்லித்தருவார், நான் கேட்டுவிட்டேன்.

அவர் எனக்கு எழுதித் தந்த கணக்கின் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். கொப்பி ஒற்றையில், பேனையால், பாகம் பாகமாகப் பிரித்து எழுதியது. கீழே அமுக்க அளவு நாலும், "கிணத்துத் தண்ணி விடவேண்டாம்" என்று ஒரு வரியும் இருக்கிறது. இடம் இருந்தால் அதையும் கடிதத்தோடு போடுங்கள். மற்றக் கராஜ்காரர்கள் அதைப் பார்த்து அப்படியே எழுதித் தரலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
சண்டிலிப்பாய்.